பதின்மூன்றாம் செவ்வாயின் சோம்பு ரொட்டி

ஒரு உபகாரம் செய்வீங்களா தங்கச்சி? என் மடியில் இருக்கிற இந்த ஓலைப்பெட்டியின் மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, கிட்டே மூக்கைக் கொண்டுபோய், என்ன வாசனை வருகிறது என்று சொல்லணும். அவ்வளவுதான். பயப்படாதீங்க, ரொட்டிதான். விடியக்காலம் சுட்டது. உவரி அந்தோணியாருக்கு நேர்ச்சை ரொட்டி, பதின்மூன்று எண்ணம்.

இல்லை, இருங்க. இப்போது திறக்க வேண்டாம். நீங்கள் பாட்டுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் நான் உவரி வரைக்கும் எப்படி உட்கார்ந்து வருவேன்? நீங்கள் எங்கே இறங்கணும்? பெரியதாழையா? நல்லதாய்ப் போயிற்று. எனக்கு முந்தின ஊர்தான். இறங்குகிறதற்கு முன்னால் சொன்னால் போதும். அதுவரைக்கும் நான் என் மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

நானே மோந்து பார்க்கக் கூடாதா என்றுதானே நினைக்கிறீங்க? பார்க்கலாம். பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்கு மூக்கு செத்துப்போய்விட்டது தங்கச்சி. எட்டு மாதம் ஆகிறது. மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். இதை நான் இதுவரைக்கும் ஒரு ஆளிடம் சொன்னதில்லை. பெற்ற பிள்ளைகளிடம் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் முன்னால் முழங்கால் போட்டுச் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அந்த தைரியம்தான்.

போன் அடிக்கிறது, ஆமா. என் மகள் விமலிதான். அடிக்கட்டும். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

என் பெயர் எமரென்சி. தூத்துக்குடிதான். எங்க வீட்டுக்காரர் சூசை, ரொட்டிக் கடையில் போரணை அடுப்பு பார்த்தவர். அவர் போய் ஆறு வருஷம் ஆயிற்று. எனக்கென்று தகரத்தில் ஒரு சின்ன ரொட்டி அடுப்பு அடித்துக் கொடுத்திருந்தார், கேஸ் அடுப்பின் மேலேயே தூக்கி வைத்துக்கொள்ளலாம். மகன் ரோமால்ட் சென்னையில், மகள் விமலி கோயம்புத்தூரில். இரண்டு பேருக்கும் கல்யாணம் முடித்துவிட்டேன். நான் தனியாகத்தான் இருக்கிறேன். தனியாக என்றால் தனியாக இல்லை. பக்கத்து வீட்டில் முத்துப்பேச்சி இருக்கிறாள், நாள் முழுக்க மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, யக்கா, யக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள்.

மாசியில் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தேன். எழுந்த அன்றைக்கு, வாய் கசக்கிறதே, நாலு சோம்பை வறுத்து வாயில் போடுவோம் என்று சட்டியை வைத்தேன். சோம்பு பொரிகிறது, நிறம் மாறுகிறது, புகை வருகிறது. வாசனை வரவில்லை. வீடே மணக்கணும் தங்கச்சி, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கணும். நான் இது பழைய சோம்பு என்று நினைத்து முத்துப்பேச்சியைக் கூப்பிட்டேன். அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, என்ன யக்கா, சோம்பு கருகுதே, நெனப்பு எங்க இருக்கு என்றாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். அது முதல் பொய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீங்க. எங்கள் பின்தெருவில் கித்தேரியம்மா என்று ஒரு ஆள். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர்கள். வயசாகி மூக்கு மங்கிவிட்டது. கேஸ் கசிந்தது தெரியாமல் தீப்பெட்டியைக் கிழித்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, வலது கைதான் முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. அப்புறம் மகன் வந்து அடுப்பங்கரையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, அந்தம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நான் ஒருதரம் போய்ப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கை ஆறிவிட்டது, ஆனால் மடியில் அப்படியே வைத்திருந்தார்கள், அடுத்தவர்கள் சாமான் மாதிரி. அப்போது லீவுக்கு வந்திருந்த என் மகன் ரோமால்ட், என் முன்னால் உட்கார்ந்து, நான் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டே சொன்னான்: "மூக்கு செத்தவங்க கையில அடுப்பைக் குடுக்கலாமாம்மா? பிள்ளைங்க செஞ்சது சரிதான்."

அது என் காதில் அப்படியே நிற்கிறது.

அதற்குத் தகுந்த மாதிரி ஒன்று நடந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் ஜெபமாலையை முடித்துவிட்டுப் போய், அட அணைந்துவிட்டதே என்று லைட்டரைக் கையில் எடுக்கிறேன். மதிலுக்கு மேலே முத்துப்பேச்சி தலை தெரிந்தது. "யக்கா, லைட்டரைத் தொடாத. தொட்டுராத" என்றாள். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அந்த மெதுவு இருக்கிறதே, அதுதான் எனக்கு இன்னும் நடுக்கம். கேஸை மூடி, லைட்டரை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அதிலிருந்து பயம்தான் தங்கச்சி. படுக்கப் போகும்முன் சிலிண்டரை மூடுவேன். படுத்துவிட்டு, மூடினோமா என்று எழுந்து வந்து தொட்டுப் பார்ப்பேன். மழை பெய்தாலும் ஜன்னலைச் சாத்த மாட்டேன். தீ பொருத்துவதற்கு முன்னால் எதையாவது தூக்கிக்கொண்டு முத்துப்பேச்சியைக் கூப்பிடுவேன். இந்த மல்லி புதுசா பாரு, இந்த எண்ணெய் சிக்கு அடிக்குதா பாரு என்று சாக்குச் சொல்லி அவளை என் அடுப்பங்கரைக்குள் வரவைத்துவிடுவேன். அவள் மூக்கைச் சுருக்காமல் நின்றால் கேஸ் இல்லை என்று அர்த்தம். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் கேட்டாள், யக்கா, இதே மல்லியை நேத்தும் என்கிட்ட காட்டினியே என்று. அப்படியா என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தோணியாரைத் தெரியுமில்லையா? நீங்கள் எந்தக் கோயில் என்றாலும் தெரிந்திருக்கும். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர். ஆடு போனாலும், சாவி போனாலும், ஓடிப்போன மாப்பிள்ளை ஆனாலும் அவரிடம்தான் போவோம். தொடர்ச்சியாகப் பதின்மூன்று செவ்வாய் ரொட்டி வைத்து, கடைசிச் செவ்வாய்க்கு உவரிக்கே கொண்டுபோய் ஏழைகளுக்குக் கொடுக்கணும். நான் அப்படி நேர்ந்துகொண்டேன். வெறும் ரொட்டியே போதும் அவருக்கு. ஆனால் நான் யோசித்தேன், பொருள் காணாமல் போனது என்று போலீஸில் எழுதிக் கொடுத்தால் அடையாளம் கேட்பார்களே. எனக்கு முதலில் காணாமல் போனது சோம்பு வாசனை. அதனால் சோம்பு ரொட்டி. மைதா, ஈஸ்ட், தேங்காய்ப்பால், சர்க்கரை, வறுத்து ஒன்றிரண்டாய்ப் பொடித்த சோம்பு. எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த கணக்கு. இதைத்தான் தொலைத்தேன், இதைத் திருப்பிக் கொடும் என்று.

சுடுகிறது எப்படி என்கிறீர்களா? முன்னெல்லாம் வாசனையே சொல்லும், போதும் இறக்கு என்று. இப்போது சோம்பை வறுக்க ஒரு பரலோக மந்திரமும் மூன்று அருள்நிறை மரியேயும். ரொட்டி வேக ஒரு முழு ஜெபமாலை. ஒரு செவ்வாய் நடுவில் கவனம் தப்பி, எத்தனையாவது மணி என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்கிவிட்டேன். அடி கரியாகிவிட்டது. அந்தோணியார் அதையும் வாங்கிக்கொண்டார்.

முதல் செவ்வாய் எங்கள் பங்குக் கோயிலுக்குக் கொண்டு போனேன். உபதேசியார் லாசர் பீடத்தண்டையில் நின்றவர், ரொட்டியைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன எமரென்சியம்மா, பதிமூணு செவ்வாயா? எதைத் தொலைச்சீங்க?"

மூக்கு என்று சொன்னால் தீர்ந்தது. கை தன்னால் மேலே போய் காதைத் தொட்டது. தோடு என்றேன். ஒத்தைத் தோடு.

சொல்லிவிட்டேன், அதோடு போயிற்று என்று நினைத்தேன். பூசை முடிந்ததும் அவர் மைக்கில் சொல்கிறார், எமரென்சி அம்மாவின் காணாமல் போன தோடு கிடைக்கும்படியாக இறைவனை மன்றாடுவோம் என்று. கோயில் முழுக்க, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டேன். ஏனென்றால் தோடு இரண்டும் காதில்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்த உடனே இரண்டையும் கழற்றினேன். ஒன்றை பீரோவில் வைத்தேன். மற்றதை யார் கண்ணிலும் படாத இடத்தில் வைக்கணுமே. ஓம டப்பாவுக்குள் போட்டேன். ஓமத்தை யார் திறக்கப் போகிறார்கள்? காதுக்கு ஈர்க்குச்சியை உடைத்துச் செருகிக்கொண்டேன். அவ்வளவுதான். முத்துப்பேச்சி சாக்கடையைக் கிளறித் தேடினாள். கோயில் பெண்கள் நாலு பேர் வந்து என் வாசலைக் கூட்டிச் சலித்தார்கள். விமலி கூரியரில் கவரிங் தோடு அனுப்பினாள். அனுப்பிவிட்டு போனில், எம்மா, கடைசியா எங்க கழட்டினன்னு நல்லா யோசிச்சுப் பாரு என்றாள். நான் யோசித்த மாதிரியே கொஞ்ச நேரம் சும்மா இருந்து, ஞாபகம் இல்லையேட்டி என்றேன்.

இவ்வளவும் பொய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை வரிசையில் நின்றேன். ஆனால் அவர் ரோமால்டோடு ஒன்றாகப் படித்தவர். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டார், அது தெரியும். இருந்தாலும் ரோமால்டைப் பார்த்தால் முகத்தில் தெரிந்துவிடுமே. கிட்டே போனதும், யார் மேலேயோ எரிச்சல்பட்டேன் சாமி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நாலாவது செவ்வாய்தான் அந்தப் பெரிய தப்பு நடந்தது. நான் எந்த டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டினவள் இல்லை. திறந்தால் மூக்கு சொல்லும், எதற்குப் பெயர்? சோம்பும் சீரகமும் ஓமமும் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாவில் வரிசையாக இருக்கும். அன்றைக்கு விடியலில் கரண்ட் இல்லை. சோம்பு என்று நினைத்து சீரகத்தை அள்ளி வறுத்துப் பொடித்துப் போட்டுவிட்டேன். கோயிலில் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்ட உபதேசியார் கொஞ்ச நேரம் மென்றார். அப்புறம், "எமரென்சியம்மா, இதைக் கரைச்சு ரெண்டு தக்காளி போட்டா ரசம் ஆயிரும்போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சுரூபத்தைப் பார்த்தேன். அந்தோணியார் சிரிக்கவில்லை. அடையாளம் தப்பாகக் கொடுத்துவிட்டேன் தங்கச்சி. அந்தச் செவ்வாயை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டாரா இல்லையா என்பது இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. முத்துப்பேச்சி மட்டும் சிரிக்கவில்லையாம், கேள்விப்பட்ட உடனே விமலிக்கு போன் போட்டிருக்கிறாள். எதற்கென்று தெரியவில்லை. சீரகம் போட்டதெல்லாம் போன் போட்டுச் சொல்கிற விஷயமா?

அதற்கப்புறம் பிள்ளைகளின் போக்கே மாறிவிட்டது. விமலி தினம் இரண்டு வேளை கூப்பிடுவாள். சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறவள், சாப்பிட்டேன் என்றால் என்ன சாப்பிட்டே என்பாள். எனக்குத்தான் வாயில் எல்லாமே பஞ்சு மாதிரி இருக்கிறதே, என்ன சாப்பிட்டேன் என்று எனக்கே நினைவில் நிற்காது. ஏதோ சாப்பிட்டேன் என்பேன். இன்னைக்கு என்ன கிழமைம்மா என்பாள். இவள் கோயம்புத்தூரில் காலண்டர் இல்லாமலா இருக்கிறாள்? நான் செவ்வாயிலிருந்து எண்ணித்தான் சொல்வேன், அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

எங்க வீட்டுக்காரர் நினைவுப் பூசைக்கு ரோமால்ட் வந்தான். வந்தவனுக்கு முந்தின நாள் மீன் குழம்பை ஊற்றிப் போட்டேன். பழைய மீன் குழம்புதானே ருசி. இரண்டு வாய் தின்றவன் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தான். குழம்பு ஊசிப்போயிருந்திருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு என் கையால் நஞ்சு மாதிரி ஒன்றை ஊற்றியிருக்கிறேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "எம்மா, இதைத்தானே நீயும் மத்தியானம் சாப்பிட்டே?" என்று கேட்டான். ஆமா என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. கண்டுபிடித்துவிட்டான், மூக்கைக் கண்டுபிடித்துவிட்டான் என்றே நினைத்தேன். அன்றைக்கு நான் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்க மூன்று தடவை எழுந்து போனதை அவன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான்.

பிற்பாடு மொட்டைமாடியில் நின்று விமலியோடு பேசினது கேட்டது. அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருக்கு, சின்னம்மைக்கு வந்த மாதிரியே என்கிறான், என் கூடப்பிறந்தவளைச் சொல்கிறான். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? மறதி என்றுதானே நினைக்கிறான். நினைத்துக்கொள்ளட்டும். மறதி யாருக்கு இல்லை? மூக்கு என்று தெரியாமல் இருந்தால் சரி. கோடி அற்புதரே, அந்தோணியாரே, காப்பாற்றினீர் என்று ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

அடுத்த வாரம், ஆறாவது செவ்வாய் முடிந்த மறுநாள், திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே போகும்போதே எனக்குக் காது அடைத்துவிட்டது. டாக்டர் மேசையில் ஒரு பாட்டில், பக்கத்தில் பஞ்சு. இந்தப் பஞ்சை நனைத்து என் மூக்குக்குக் கீழே பிடிக்கப் போகிறார், என்ன வாசனை என்று கேட்கப் போகிறார், நான் மாட்டிக்கொள்ளப் போகிறேன். கண்ணை அந்தப் பாட்டிலிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் நல்ல மனுஷன், மெதுவாகத்தான் பேசினார். மூன்று பெயர் சொல்கிறேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேட்பேன் என்று ஏதோ சொன்னார். நான் உள்ளுக்குள் அந்தோணியாரே, அந்தோணியாரே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், எங்கே கேட்கிறது? ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் போட்டேன். எண்ணெல்லாம் எழுதினேன். அந்த நேரம் பார்த்து அவர் பாட்டிலை நகர்த்தினார். முள் வரைய மறந்துவிட்டேன்.

அப்புறம் அந்த மூன்று பெயரைச் சொல்லுங்கள் அம்மா என்றார். மாம்பழம் என்றேன். அது தெரிந்தது. அப்புறம் வாயில் என்ன வந்தது தெரியுமா? சோம்பு.

"சோம்புன்னு நான் சொல்லலையேம்மா" என்றார்.

பாட்டிலைத் தொடவே இல்லை தங்கச்சி. கடைசி வரைக்கும் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிழைத்தேன் என்று வெளியே வந்தேன். ரோமால்ட் மட்டும் உள்ளே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தான். காரை எடுக்காமல், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தான். தோள் குலுங்கினது. ஆபீசில் அவனுக்கு என்ன கஷ்டமோ, கேட்டால் சொல்ல மாட்டான். சின்னப் பிள்ளையில் செய்கிற மாதிரி முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவன் இன்னும் அதிகமாக அழுதான்.

இப்போது வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் வருகிறார்கள். என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறார்களாம். கொஞ்ச நாளைக்கு என்று சொல்கிறார்கள். ஆனால் என் ரொட்டி அடுப்பை எடுத்துக்கொள்கிறீர்களா என்று முத்துப்பேச்சியிடம் ரோமால்ட் கேட்டிருக்கிறான். கொஞ்ச நாளைக்குப் போகிறவளின் அடுப்பை யாராவது கொடுப்பார்களா? முத்துப்பேச்சி, வேண்டாம் தம்பி, அது அங்கேயே இருக்கட்டும் என்றாளாம், சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு இப்போது ராத்திரி பகல் என்றில்லை, கண்ணை மூடினால் கித்தேரியம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலிதான். அடுப்பு இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் தங்கச்சி? எனக்கு வேறென்ன தெரியும்? எட்டாவது வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஜெபம் சொல்லத் தெரியும், ஆக்கிப்போடத் தெரியும். ஆக்கிப்போட விடாத இடத்தில் உட்கார்ந்து எதற்காக ஜெபம் சொல்ல?

எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள், மூக்கைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள், மனசு நோகக்கூடாது என்று மறதி மறதி என்கிறார்கள். இப்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இல்லாவிட்டால் வெறும் மறதிக்கு யாராவது வீட்டைப் பூட்டுவார்களா?

குலசை வந்துவிட்டது. சீக்கிரம் வந்துவிட்டதே.

இன்றைக்குப் பதின்மூன்றாவது. தனியாக எங்கேயும் போகக்கூடாது என்று ரோமால்ட் சொல்லியிருக்கிறான். அதனால் முத்துப்பேச்சியிடம் பங்குக் கோயிலுக்குத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இதோடு எத்தனையாவது பொய் என்று எண்ணவில்லை. ஒன்பதாவது செவ்வாய் அன்றைக்கு ஒரு நொடி சோம்பு வாசனை வந்தது, சத்தியமாக வந்தது. கையை முகத்தில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மறுபடி உள்ளே வந்தேன், இல்லை. பார்த்தால் அன்றைக்கு நான் இன்னும் டப்பாவையே திறக்கவில்லை. கோயிலில் சாம்பிராணி போடுகிறார்கள், எனக்கு வெறும் புகை. இன்று ரொட்டியை ஒப்புக்கொடுத்தவுடன் அவர் திருப்பித் தரணும். அப்படித் தந்துவிட்டால் சனிக்கிழமைக்குள் எல்லாம் சரியாகிவிடும். அதற்கு இந்த ரொட்டியில் சோம்பு இருக்கணும். காலையில் மூன்று டப்பாவையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனால் சீரகம் போட்ட அன்றைக்கும் பார்த்துத்தானே எடுத்தேன்?

சரி தங்கச்சி. திறங்க. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லுங்க.

என்ன?

சோம்பா? நல்லாத் தெரிகிறதா? மூடியைத் திறக்கும் முன்னாலேயே வந்ததா? பஸ் ஏறினதிலிருந்து வருகிறதா? முன் சீட்டில் இருக்கிறவர் கூட இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாரே, அதற்கா? நான் வேறு நினைத்தேன். ஆண்டவரே. நீங்கள் நல்லா இருக்கணும் தங்கச்சி, உங்கள் பிள்ளைகள் நல்லா இருக்கணும். அழவில்லை, காற்று.

மறுபடியும் அடிக்கிறாள் பாருங்க. எடுத்துவிடுகிறேன். சோம்புதான் என்று தெரிந்துவிட்டதே, இனி என்ன பயம். தோட்டையும் கையோடு கொண்டுவந்திருக்கிறேன், இந்த முந்தானை முடிச்சில். கிடைத்துவிட்டது என்று சொன்னால் பாவம் அவளுக்கும் ஒரு கவலை விடும்.

"என்னட்டி விமலி. இல்லட்டி, கோயில்ல இல்ல. பஸ்ல வாரேன். உவரிக்கு. ஆமா, தனியாத்தான். எதுக்குட்டி கத்துற? யார் யார் தேடுறா? முத்துப்பேச்சியா? அவளை உக்காரச் சொல்லு, நான் சாயங்காலம் வந்துருவேன். ஏட்டி, நான் ஒண்ணு சொல்லட்டா? தோடு கிடைச்சிருச்சு. ஆமா, அதேதான். ஓம டப்பாக்குள்ள. ஓமம்ட்டி, ஓமம். யாரு வெச்சாளா? நான்தான் வெச்சேன். இல்ல, எதுக்கு வெச்சேன்னு... அது சொல்ல முடியாதுட்டி. விமலி? ஏட்டி விமலி?"

அழுகிறாள் தங்கச்சி. சந்தோஷத்தில் போல. இல்லை, இது சந்தோஷ அழுகை மாதிரித் தெரியவில்லையே. பஸ்ஸை விட்டு இறங்காதே, பக்கத்தில் இருக்கிறவர்களைப் பிடித்துக்கொள், கையை விடாதே என்கிறாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறாள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? தோடு கிடைத்தது என்றுதானே சொன்னேன்?

என்ன, போனையா? நீங்களா பேசணும் என்கிறீங்க? அவளிடம் நீங்கள் என்ன பேசுவீங்க, அவளை உங்களுக்குத் தெரியாதே.

அப்படிப் பார்க்காதீங்க, எனக்குப் பயமாக இருக்கிறது. பெரியதாழையும் வந்துவிட்டது, கண்டக்டர் விசில் அடித்துவிட்டார், நீங்கள் இறங்கவில்லையா? எனக்காகவா உட்கார்ந்திருக்கிறீங்க?

சரி. இந்தாங்க, பேசுங்க. மெதுவாகப் பேசுங்க, பாவம், அவள் ரொம்பப் பயந்துபோயிருக்கிறாள்.

ஒன்றே ஒன்று தங்கச்சி. மூக்கு விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீங்க.